சொந்தக் காரணங்களுக்காக

வணக்கம் சார்,

பெரிய கம்பெனி ஒண்ணுல பதினோரு வருஷமா இருக்கேன். பேரு ஊரு எதுவும் போட்றாதீங்க. 2021ல "இனிமே எங்க இருந்து வேணாலும் வேலை பாக்கலாம்"னு மெயில் அனுப்பினாங்க, அதை நம்பி வயசான அப்பா அம்மா பக்கத்துல இருக்கலாம்னு வீட்டை மாத்திக்கிட்டேன். அப்புறம் வாரம் ரெண்டு நாள் வாங்கன்னாங்க, மூணு நாள்னாங்க, போன மாசம் அஞ்சு நாளும் வந்தே ஆகணும்னு மெயில். போக வர மூணே முக்கால் மணி நேரம் ஆகுது. போனா உக்கார இடம் இல்ல, இடம் கிடைச்சா ஹெட்செட் மாட்டிக்கிட்டு வேற வேற ஊர்ல இருக்கிற டீம் கூட கால் பேசிட்டு திரும்பி வர்றேன். எங்க டீம்ல பாதி பேர் கார்டை ஸ்வைப் பண்ணி ஒரு காபி குடிச்சிட்டு கிளம்பிடுறாங்க. சில பேர் பெட்டிஷன் ஒண்ணு சுத்தி விட்டிருக்காங்க. நாங்க என்ன அடிமைகளா சார்? பெட்டிஷன்ல கையெழுத்து போடறதா, இல்ல பேப்பர் போட்டுட்டு கிளம்பிடறதா? நீங்களும் ஆபீஸ்ல குப்பை கொட்டினவர்ங்கறதால கேக்கறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்க கடிதத்தை ராத்திரி படிச்சேன், படிச்சிட்டு தூக்கம் வரல. உங்க கஷ்டத்தை நினைச்சு மட்டும்னு சொன்னா பொய். "பேப்பர் போட்டுட்டு கிளம்பிடறதா"ன்னு சாதாரணமா எழுதிட்டீங்க பாருங்க, அந்த ஒரு வரி என்னை இருவது வருஷத்துக்கும் மேல பின்னாடி இழுத்துட்டு போயிடுச்சு. அதுக்கு வர்றேன்.

முதல்ல அந்த அடிமை பேச்சை விடுங்க தம்பி. ஊரே அடங்கி கெடந்தப்ப கூட உங்க பில்டிங்குக்கு தினமும் வந்து வாசல்ல நின்ன செக்யூரிட்டிக்கும் ஆள் இல்லாத டேபிளை துடைச்ச அம்மாவுக்கும் யாரும் எங்க இருந்து வேணாலும் வேலை பாருங்கன்னு மெயில் அனுப்பல. உங்க கோபம் நியாயமானது, அதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். வேலைக்கு சேர்ந்தப்புறம் ஒரு வாக்கு கொடுத்தாங்க, நீங்க அதை வச்சு குடும்பத்தையே பேர்த்துக்கிட்டு போனீங்க, இப்ப வாக்கு மாறிடுச்சு. இதை அப்படியே சொன்னாலே போதுமான அளவுக்கு அசிங்கமா இருக்கு.

ரெண்டாவது, ஸ்வைப் பண்ணி காபி குடிச்சிட்டு ஓடறது. உங்க டீம்ல அதை ஏதோ புரட்சி மாதிரி நினைக்கிறாங்க போல. கார்டு தேய்க்கறதுதான் வேலைன்னு அவங்க சொல்றாங்க, நீங்களும் ஆமா சாமின்னு வரிசைல நின்னு தேய்ச்சிட்டு வர்றீங்க, இதுல என்ன எதிர்ப்பு இருக்கு? அமேசான்ல 2024லேயே இதை கண்டுபிடிச்சு, வந்தா இத்தனை மணி நேரம் இருக்கணும்னு சில டீம்கள்ல சொல்ல ஆரம்பிச்சாங்க. டெல் கம்பெனில ஆள் வந்த கணக்குக்கு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் கொடுத்தாங்க. ஸ்கூல்ல கூட நமக்கு இவ்வளவு கலர் இருந்ததில்ல. டிசிஎஸ்ல ஆபீஸ் வருகை 60 சதவீதத்துக்கு கீழ போனா அந்த காலாண்டுக்கு வேரியபிள் பே, அதாவது சம்பளத்துல கூடக் குறைய வர்ற ஊக்கத்தொகை பங்கு, கிடையாதுன்னு 2024ல விதி கொண்டு வந்தாங்க. நீங்க ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அவங்க அதை அடைக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்குவாங்க. இந்த எலி பூனை ஆட்டத்துல எலிக்கு என்னைக்கும் பொழுது விடியாது, விடுங்க.

சரி, இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

நான் எழுத்தாளன் ஆகறதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல பர்சனல் டிபார்ட்மெண்ட்ல இருந்தேன்னு உங்களுக்கு தெரியும், அங்க என்ன செஞ்சேன்னு இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல. சர்க்குலர் எழுதினேன். நல்லா எழுதுவான்னு பேர் எடுத்ததே அங்கதான். லீவு குறைப்பு, ஓவர்டைம் நிறுத்தம், கேன்டீன் மூடறது, எதுவா இருந்தாலும் மேனேஜர் கூப்பிட்டு விஷயத்தை ரெண்டு வரில சொல்லுவார், நான் அதை யாருக்கும் உறுத்தாத மாதிரி ஒரு பக்கத்துக்கு எழுதி கொடுப்பேன். அப்ப அது ஒரு திறமைன்னு நினைச்சேன். வெக்கமா இருக்கு இப்ப.

ஒரு நாள் கூப்பிட்டு சொன்னார், நாப்பது பேர் அதிகமா இருக்காங்க, யாரையும் நாம அனுப்பக்கூடாது, அனுப்பினா ஆள் குறைப்பு, நஷ்டஈடு, யூனியன், கோர்ட்டுன்னு இழுக்கும், அவங்களா போகணும். அதுவரைக்கும் வீட்டு பக்கத்துல இருந்த சின்ன சின்ன கிளைகள்ல வேலை பாத்தவங்க எல்லாரும் இனிமே காலைல ஒம்பது மணிக்கு தலைமை ஆபீஸ்ல வந்து கையெழுத்து போடணும், அதுக்கு ஒரு சர்க்குலர் எழுது. நான் எழுதினேன். "ஒருங்கிணைந்து செயல்படும் பண்பாட்டை வளர்க்கும் நோக்கில்"னு ஆரம்பிச்சேன். இந்த வரி இன்னைக்கும் எனக்கு மனப்பாடம். நாப்பது பேரை துரத்தறதுக்கு பண்பாடுன்னு பேர் வச்சது நான்தான்.

அதனாலதான் இந்த மெயில்கள்ல கலாசாரம்ங்கற வார்த்தையை பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது. 2024 செப்டம்பர் 16ந்தேதி அமேசான் சிஇஓ ஆண்டி ஜாஸி ஊழியர்களுக்கு கடிதம் எழுதினார், 2025 ஜனவரி 2ல இருந்து அஞ்சு நாளும் ஆபீஸ்னு. அதுலயும் கலாசாரம் இருந்துச்சு, சேர்ந்து வேலை பாக்கறது இருந்துச்சு. இது மறைமுகமான ஆள் குறைப்பு கிடையாதுன்னு அவர் அப்புறம் சொன்னார், அவர் மனசுக்குள்ள புகுந்து பாக்க என்னால முடியாது, அதனால அதை அவர்கிட்டயே விட்டுடறேன். ஆனா சேர்ந்து உக்காந்து வேலை பாக்கறதுதான் நோக்கம்னா முதல்ல நாற்காலி தயாரா இருக்கணும் இல்லையா? சில ஊர்கள்ல இடம் பத்தலன்னு அவங்களே அந்த தேதியை தள்ளி வச்சாங்க. உங்க கடிதத்துல உக்கார இடம் இல்லன்னு படிச்சப்ப இதுதான் ஞாபகம் வந்துச்சு.

இந்த விஷயத்துல ஒளிவு மறைவில்லாம பேசினது ரெண்டே பேர்தான்னு நான் சொல்லுவேன், அவங்களை எனக்கு துளி கூட பிடிக்காது, அது வேற. 2024 நவம்பர்ல, அரசு செலவை குறைக்கணும்னு டிரம்ப் தேர்ந்தெடுத்த ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதினாங்க, அமெரிக்க அரசு ஊழியர்களை அஞ்சு நாளும் ஆபீஸுக்கு வர சொன்னா நிறைய பேர் தானா ராஜினாமா பண்ணுவாங்க, அதை நாங்க வரவேற்கிறோம்னு. பண்பாடு கிண்பாடு எதுவும் கிடையாது. எங்க மேனேஜர் கதவை சாத்திட்டு என்கிட்ட சொன்னதை இவங்க பேப்பர்லயே போட்டுட்டாங்க.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு நீங்க கேக்கல, ஆனாலும் ஒண்ணு மட்டும் சொல்றேன், ஏன்னா அது என் கட்சிக்கு சாதகம். 2024ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல பொருளாதார பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, டிரிப்.காம்ங்கற சீன பயண புக்கிங் கம்பெனில 1,612 பேரை பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பாத்து ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை. வேலையோட தரத்துல, ப்ரொமோஷன்ல வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா வேலையை விட்டு போறவங்க எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. பெண்கள், மேனேஜர் அல்லாதவங்க, ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்க, இவங்க கிட்டதான் அந்த குறைவு நல்லா தெரிஞ்சுது. இதை அப்படியே தலைகீழா புடிச்சு பாருங்க. வீட்ல இருக்கிற அந்த ரெண்டு நாளை புடுங்கினா யாரு முதல்ல போவாங்கன்னு இதுலயே இருக்கு. எந்த கம்பெனியும் இந்த கணக்கு தெரியாம மெயில் அனுப்பறதில்லங்கறது என் சந்தேகம். எங்க மேனேஜருக்கு ஆய்வு கீய்வு எதுவும் இல்லாமயே தெரிஞ்சிருந்துச்சு, யார் யார் வீட்ல படுத்த படுக்கையா பெரியவங்க இருக்காங்க, யாருக்கு கைக்குழந்தைன்னு விரல் விட்டு சொன்னார்.

எங்க ஆபீஸ்ல கணக்கு பிரிவுல ஒரு அக்கா இருந்தாங்க. பதினேழு வருஷ சர்வீஸ். நான் சேர்ந்த புதுசுல எனக்கு லெட்ஜர் பாக்க சொல்லி கொடுத்ததே அவங்கதான், ஒரு பைசா உதைச்சா கூட ராத்திரி எட்டு மணி ஆனாலும் தேடி கண்டுபிடிச்சிட்டுதான் எழுந்திருப்பாங்க. அவங்க அப்பாவுக்கு பக்கவாதம், மத்தியானம் வீட்டுக்கு ஓடி போய் பாத்துட்டு வர்றதுக்குத்தான் பக்கத்து கிளைல இருந்தாங்க. சர்க்குலர் வந்து மூணு வாரம் தலைமை ஆபீஸுக்கு வந்தாங்க. நாலாவது வாரம் என் டேபிள் முன்னாடி வந்து நின்னு, "தம்பி, ராஜினாமா கடிதம் எப்படி எழுதறதுன்னு ஏதாவது ஃபார்மேட் இருக்கா"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு. அதையும் நான்தான் தயார் பண்ணி ஜெராக்ஸ் எடுத்து ட்ராயர்ல வச்சிருந்தேன், சர்க்குலர் எழுதின அன்னைக்கே மேனேஜர் சொல்லியிருந்தார். எடுத்து கொடுத்தேன். "எனது சொந்தக் காரணங்களுக்காக பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இதுவரை வாய்ப்பளித்தமைக்கு நன்றி." பேரும் தேதியும் மட்டும் போட்டா போதும். அக்கா அங்கயே நின்னு படிச்சிட்டு, "சொந்த காரணம்னா, அப்பா உடம்பு பத்தி எழுதணுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாங்க்கா, இது போதும்னு சொன்னேன். கையெழுத்து போட்டு கொடுத்துட்டு என் பேனாவை மூடி என் பாக்கெட்லயே வச்சுட்டு போனாங்க.

முப்பத்தோரு பேர் அந்த ஃபார்மேட்ல கையெழுத்து போட்டாங்க. ஒருத்தருக்கும் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கல. ஏன் கொடுக்கணும்? அவங்களா எழுதி கொடுத்திருக்காங்களே, சொந்த காரணம்னு.

அதனால தம்பி, கடுப்புல பேப்பர் போட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வேற வேலை கைல இருந்தா தாராளமா போங்க, நான் ஏன் தடுக்கறேன். இல்லன்னா அந்த வார்த்தையை நீங்களா எழுதி கொடுக்காதீங்க. அனுப்பணும்னா அவங்க அனுப்பட்டும், அனுப்பறதுன்னு எழுதட்டும், அதுக்கு என்ன தரணுமோ அதை தரட்டும். நீங்க எச்.ஆர்.ருக்கு எழுதுங்க, அப்பா அம்மாவுக்கு இன்னது, தூரம் இவ்வளவு, 2021ல இப்படி சொன்னீங்க, அதை நம்பி வீடு மாத்தினேன், எனக்கு விலக்கு வேணும்னு. போன்ல பேசி முடிக்காதீங்க. மீட்டிங்ல "பாத்துக்கலாம் பாஸ்"னு சொல்லுவாங்க, அந்த பாத்துக்கலாமை மெயில்ல கேளுங்க. முடியாதுன்னு பதில் வந்தா அந்த முடியாதையும் எழுத்துல வாங்கி வைங்க. அப்புறமும் நீங்களே போக வேண்டி வந்தா, கடிதத்துல உண்மையான காரணத்தை எழுதுங்க, இடத்தை மாத்த சொன்னீங்க, என்னால வர முடியல, விலக்கு கேட்டேன், கொடுக்கலன்னு. போர்ட்டல்ல காரணம்னு ஒரு கட்டம் வரும், கீழ நாலஞ்சு வரி இருக்கும், சொந்த காரணம்ங்கறது அனேகமா முதல்லயே இருக்கும், கை தன்னால அங்க போகும். அதை தொடாதீங்க. அடுத்த வேலைக்கு காட்டற ரிலீவிங் லெட்டர் வரணுமேன்னு பயந்து எல்லாரும் அதைத்தான் தொடுவாங்க, எனக்கு தெரியும், அந்த பயத்துக்காகவேதான் அதை மேல வச்சிருக்காங்க. நான் வச்சிருந்த மாதிரி.

பெட்டிஷன் கேட்டீங்கல்ல, மறந்தே போச்சு. போடுங்க. பலன் இருக்குமான்னு கேட்டா எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. ஜேபி மார்கன்ங்கற அமெரிக்க பேங்க்ல 2025 ஜனவரில அஞ்சு நாள் அறிவிப்பு வந்தப்ப கம்பெனியோட உள் வெப்சைட்லயே கமெண்ட் குவிஞ்சுது, கமெண்ட் பகுதியை மூடிட்டாங்க. பிறகு ஊழியர்கள் பெட்டிஷன் ஆரம்பிச்சாங்க, எத்தனை பேர் கையெழுத்து போட்டாலும் எனக்கு கவலையில்லன்னு ஊழியர் கூட்டத்துல அந்த பேங்க் சிஇஓ ஜேமி டைமன் கெட்ட வார்த்தையோட சொன்ன ஆடியோ வெளியே வந்துச்சு. அமேசான்ல 500க்கு மேல பேர் சேர்ந்து அதோட கிளவுட் பிரிவு தலைவர் மேட் கார்மனுக்கு கடிதம் எழுதினாங்க, அஞ்சு நாள் அஞ்சு நாளாத்தான் இருக்கு. ஆனா டெல் கதை எனக்கு பிடிக்கும். வீட்ல இருந்தா ப்ரொமோஷன் கிடையாதுன்னு 2024ல சொன்னாங்க, அமெரிக்கால இருந்த ஊழியர்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் ப்ரொமோஷனே வேண்டாம் நாங்க வீட்லயே இருக்கோம்னுட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. 2025 மார்ச்ல ஆபீஸ் பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு அஞ்சு நாள் வந்துடுச்சு, அது சரி. ஆனா அந்த ஒரு வருஷம் அவ்வளவு பேர் ராஜினாமா எழுதாம, ஸ்வைப் பண்ணி ஏமாத்தாம, அவங்க கொடுத்த படிவத்துலயே டிக் அடிச்சு உக்காந்திருந்தாங்க.

அந்த அக்காவை அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை பாத்தேன். நல்லா பேசினாங்க. அப்பா அடுத்த வருஷமே போயிட்டாராம். நான் எழுதறதை எல்லாம் படிக்கிறாங்களாம், முன்ன விட நான் நல்லா எழுதறேன்னு சொன்னாங்க. முன்னன்னா எதைன்னு கேக்க எனக்கு தைரியம் வரல.

ஒரு வேலை செய்யுங்க. அந்த 2021 மெயிலை தேடி எடுங்க. ஞாபகத்துல இருந்து எழுதியிருக்கீங்கன்னு நினைக்கிறேன், "இனிமே"ன்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே இனிமேன்னு இருந்துச்சா, இல்ல "தற்போதைய சூழலில்"னு எங்கயாவது ஓரமா ஒரு வார்த்தை இருந்துச்சா? என்னை மாதிரி ஒருத்தன்தான் அதை எழுதியிருப்பான், அதனால கேக்கறேன். பாத்துட்டு எழுதுங்க.

அன்புடன்