யூனானிமிட்டி துரை யார்?

கேள்வி: சென்னை மெரினாவில் டி.ஜி.பி. அலுவலகம் இயங்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தாரின் கோயிலாம். அதைக் கட்டிய 'பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி' லாட்ஜ், கட்டடம் கைமாறியதோடு முடிந்துபோனது என்கிறார்கள். அந்த யூனானிமிட்டி துரை யார்? பழைய லாட்ஜ்களுக்குப் பெயர் தந்த மற்றத் துரைமார்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியர்களில் முதலில் சேர்ந்தவர் விவேகானந்தர்தானே?
— வாசகர், திருச்சி

பதில்: கட்டடம் பற்றி நீங்கள் சொல்வது மட்டும் சரி. 1839-ல் லாட்ஜுக்காக எழும்பியதுதான் அது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் குடிவந்தது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு அரசு அதை வாங்கிக்கொண்டது. 1993-ல் இடிக்கவும் பார்த்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் நீதிமன்றம் போனதால் தப்பியது.

லாட்ஜ் முடிந்துபோகவில்லை. அங்கே லாட்ஜ் என்பது நம் ஊர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மாதிரி கட்டடம் அல்ல, ஒரு குழு. அந்தக் குழுவுக்கு உயிர், தலைமைச் சங்கமான கிராண்ட் லாட்ஜ் எழுதிக் கொடுத்த வாரண்ட், அதாவது அனுமதிப் பத்திரம். (போலீஸ் அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வந்து விழுவது என் குற்றமல்ல.) வாரண்ட் இல்லாமல் கூட்டம் திறக்க முடியாது, அது கையில் இருந்தால் கடற்கரையிலிருந்து எழும்பூருக்கு மாறினாலும் லாட்ஜ் அதேதான். எத்திராஜ் சாலையில் 1920-களில் கட்டிய ஃப்ரீமேசன் ஹாலில் பல லாட்ஜ்கள் முறை வைத்துக் கூடுகின்றன. ஆகவே வாசலில் பதித்த கல்லைப் படித்துவிட்டு லாட்ஜின் வயதைச் சொல்லாதீர்கள்.

யூனானிமிட்டி என்று ஒரு துரை பிறக்கவே இல்லை. 'முழு ஒருமனம்' என்று பொருள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1717-ல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜுக்குப் போட்டியாக 1751-ல் இன்னொன்று முளைத்தது. பின்னால் வந்தவர்கள் தங்களைப் 'பழையவர்கள்' என்று அழைத்துக்கொண்டு, முன்னால் இருந்தவர்களுக்குப் 'புதியவர்கள்' என்று பட்டம் கட்டினார்கள். பிரிந்துபோன கட்சி 'நாங்களே உண்மையான கட்சி' என்பது நமக்கொன்றும் புதிதில்லை. லண்டனில் இருவரும் கைகோத்தது 1813 டிசம்பர் 27-ல். சென்னையிலோ, பிரிகேடியர் ஜெனரல் மாத்யூ ஹார்ன் ஃப்ரீமேசன்களின் மாகாணத் தலைவராக இருந்தபோது, 1780-களிலேயே சமாதானம் ஆகிவிட்டது. அந்த ஒருமனத்தின் பெயர்தான் 1786-ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்ட அந்த லாட்ஜுக்கு.

இனி, தேடும் வழி. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். எண்ணோடு அது எந்த ஆண்டின் எண் என்பதையும் பிடியுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 1813 இணைப்புக்குப் பிறகு எந்தப் பக்கத்து முதல் லாட்ஜுக்கு எண் 1 என்று சீட்டுப் போட்டார்கள், பழையவர்கள் ஜெயித்தார்கள். அதன்பின் மாற்றி மாற்றி எண் கொடுத்ததால் 'புதியவர்கள்' பக்கத்து எண் 1 இரண்டானது, இரண்டு நான்கானது. செத்துப்போன லாட்ஜ்களின் இடங்களை மூட 1832-லும் 1863-லும் மறுபடி எண்களை நெருக்கினார்கள். ஒரே லாட்ஜ் 1810-ல் ஓர் எண்ணிலும், 1820-ல் ஏறக்குறைய இரட்டிப்பிலும், 1870-ல் அதைவிடக் குறைவாகவும் தென்படும். மூன்று லாட்ஜ்கள் என்று கணக்கெழுதிவிடாதீர்கள். இன்று பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி வைத்திருக்கும் 150, 1863-ன் எண். ஆங்கிலேய லாட்ஜ்களுக்கு ஜான் லேன் தொகுத்த பட்டியல் இந்த மாற்றங்களையெல்லாம் வரிசையாகத் தருகிறது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம்: இ.சி. இங்கிலாந்து, எஸ்.சி. ஸ்காட்லாந்து, ஐ.சி. அயர்லாந்து. 1961 நவம்பர் 24-ல் இந்திய கிராண்ட் லாட்ஜ் பிறந்தபோது சேர்ந்தவை புது எண் பெற்றன. சேராதவை பழைய எண்ணோடு நின்றன. பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி சேராத ரகம். கல்லில் 5839 என்று ஆண்டு இருந்தால் மிரளாதீர்கள், 4000 கழியுங்கள்: 1839. அதே ஆண்டு 2369 என்று இருந்தால் அது ஃப்ரீமேசன்களுக்குள்ளேயே ராயல் ஆர்ச் என்ற தனிப் பிரிவினரின் கல். அவர்கள் கூட்டுவது 530. தன்னோடு இணைந்த லாட்ஜின் எண்ணையே அந்தப் பிரிவும் வைத்துக்கொள்ளும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

இதெல்லாம் முடிந்த பிறகு துரையைத் தேடலாம். அப்போதும் பட்டம் ஏமாற்றும். லாட்ஜ்களுக்கு ராடன், மொய்ரா, ஹேஸ்டிங்ஸ் என்ற பெயர்களைப் பார்த்தால் மூன்று பேர் என்று தோன்றும், ஒரே ஆள். ராடன் பிரபுவாக இருந்தவர் 1793-ல் மொய்ரா பிரபுவானார், கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்த பிறகு ஹேஸ்டிங்ஸ் பிரபுவானார். இங்கிலாந்துச் சங்கத்தை 1790 முதல் 1813 வரை நடத்தியவரும் அவரே. வாரன் ஹேஸ்டிங்ஸ் வேறு ஆள். இருவரையும் கலக்காத கட்டுரையை நான் அதிகம் பார்த்ததில்லை. வாரண்டின் ஆண்டில் அவருக்கு எந்தப் பட்டம் நடப்பில் இருந்தது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பெயர் இருப்பதால் ஆள் ஈடுபாடுள்ளவர் என்றும் நினைக்க வேண்டாம். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி 1790-ல் அயர்லாந்தின் ட்ரிம் ஊரில், தன் தந்தையும் அண்ணனும் தலைமை வகித்த 494-ஆம் எண் லாட்ஜில் சேர்ந்தார். 1838-ல் அதே லாட்ஜ் அவர் பெயரைச் சூட்டிக்கொள்ள அனுமதி கேட்டது. சேர்ந்தது உண்மை, அதற்குப் பிறகு எந்த லாட்ஜுக்கும் போனதில்லை, என் பெயரை வைப்பது கேலிக்கூத்து என்று மறுத்துவிட்டார்.

விவேகானந்தர் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தது 1884-ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1770-களில், ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா சேர்ந்துவிட்டார். இங்கிலாந்திலிருந்து அவருக்கு, சடங்கில் இடுப்பில் கட்டும் அலங்கரித்த ஏப்ரனும் சங்கத்தின் சட்டப் புத்தகமும் வந்தன. அவருடைய பதில் பாரசீகத்தில், பொன்னிழைத் துணி உறையில் போனது. அவரைச் சேர்த்தவர் டாக்டர் டெரன்ஸ் ககன். சேர்ந்த ஊர் எது தெரியுமா? உங்கள் திருச்சி!

அங்குள்ள பழைய 'ராக்' லாட்ஜுக்கு எண் 260. ராக் துரை யார் என்று அடுத்த கடிதம் போடுவதற்கு முன், மலைக்கோட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிடுங்கள்.