இரவு பேக்கப் ஓடவில்லை: ஃபயர்வால் காரணமா?

இரவில் தானாக ஓட வேண்டிய பேக்கப் ஓடவில்லை என்று ஃபயர்வாலை (நெட்வொர்க் இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) அணைத்து வைத்திருக்கிறீர்கள். ஃபயர்வால் காரணம் இல்லை, முதலில் அதைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். பேட்ச் ஃபைலை (பேக்கப் கட்டளைகள் உள்ள ஃபைல்) நீங்களே டபுள் கிளிக் செய்தால் மாடிக் கணினிக்கு எல்லாம் போகிறது என்கிறீர்கள். ஃபயர்வால் தடுத்திருந்தால் அப்போதும் போயிருக்காது.

பெரும்பாலும் சிக்கல், மாடிக் கணினியின் ஃபோல்டருக்கு எழுத்துக் கொடுத்து நீங்கள் மேப் செய்திருக்கும் அந்த இசட் (Z:) டிரைவ்தான். லாகின் செய்யாவிட்டாலும் இயங்கும்படி வைத்தால், டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி) வேலையைத் தனி செஷனில் ஓட்டும். நீங்கள் மேப் செய்த டிரைவ் எழுத்து அங்கே இருக்காது.

1. பேட்ச் ஃபைலில் இசட்டை எடுத்துவிட்டு முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்: இரண்டு பின்சாய்வுக் கோடு, கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பகிர்ந்த ஃபோல்டரின் பெயர்.

2. டாஸ்க்கில் 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நெட்வொர்க் ஃபோல்டரைத் தொட முடியாது.

3. அப்புறம் வலது கிளிக் செய்து ரன் கொடுத்து, லாஸ்ட் ரன் ரிசல்ட் பாருங்கள். ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகலெடுப்புக் கட்டளையைப் பயன்படுத்தினால் 1 வந்தாலும் பயப்பட வேண்டாம், ஃபைல்கள் நகலாகிவிட்டன என்றுதான் பொருள்.

ஒன்று கவனியுங்கள்: விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றினால் டாஸ்க்கிலும் புதியதைக் கொடுக்க வேண்டும். லேப்டாப் என்றால், சார்ஜரில் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் பகுதியில் தானாகவே இருக்கும்.