மாவு முதல் மாவடு வரை: கேளுங்கள், சொல்கிறேன்

வெயில் ஏறிவிட்டது. மாவு பொங்கி வழிகிறது, தயிர் மதியத்துக்குள் புளிக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்பதால், இந்தத் தடவை வீட்டில் புளிக்கவைப்பது, ஊறவைப்பது, கலக்கிக் குடிப்பது, இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பிரியாணிச் சந்தேகங்கள் இன்னொரு நாள். எல்லோரும் "எத்தனை மணி நேரம்?" என்றுதான் ஆரம்பிப்பீர்கள், தெரியும். நான் பெரும்பாலும் பாத்திரத்தைப் பார்க்கத்தான் சொல்வேன்.

கேள்வி (ஜெர்மனியிலிருந்து): அக்கா, இங்கே குளிர். 12 மணி நேரம் வைத்தும் மாவு கல்லு மாதிரி அப்படியே கிடக்கிறது. மிக்ஸியில்தான் அரைக்கிறேன். கையால் கலக்கினால்தான் புளிக்கும் என்று அம்மா சொல்கிறார், அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

பதில்: கையில் ஒன்றும் குறையில்லை தம்பி. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலும் இருந்தே வருகின்றன, கரண்டியால் கலக்கினாலும் பொங்கும். உங்களுக்கு இரண்டு சிக்கல் இருக்கலாம். ஒன்று சூடு போதவில்லை, இன்னொன்று உளுந்து சரியாக அரைபடவில்லை. முதலில் உளுந்து. தோல் நீக்கிய முழு உளுந்து வாங்குங்கள், பழசாகி மஞ்சள் பாய்ந்தது வேண்டாம். மிக்ஸி என்றால் மூன்று பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு நாலுக்கு ஒன்று போதும். ஒரு ஸ்பூன் வெந்தயத்தை உளுந்தோடு ஊறப்போடுங்கள். மிக்ஸி ஜார் சீக்கிரம் சூடாகிவிடும், அதனால் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். அரைத்த உளுந்தில் ஒரு துளியை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று அர்த்தம். புளிக்கும்போது வரும் வாயுவை உளுந்தின் வழவழப்புதான் பிடித்து வைக்கிறது, அது இல்லாவிட்டால் மாவு புளிக்குமே தவிர எழும்பாது. அரிசியை நைசாக அரைக்காதீர்கள், விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை தட்டுப்பட வேண்டும்.

இனி சூடு. மாவுக்குப் பிடித்தது 28 முதல் 32 டிகிரி. உங்கள் ஓவனை ஆன் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்து மூடிவிடுங்கள். உப்பைக் குளிர் நாட்டில் கடைசியில், பொங்கிய பிறகு போடலாம், உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாத்திரத்தின் வெளியே மாவு இருக்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் எவ்வளவு ஏறியது என்று தெரியும். 12 மணி நேரமோ 16 மணி நேரமோ, இரண்டு மடங்காகும் வரை விடுங்கள்.

கேள்வி (அதே நபர்): இரண்டு மடங்கானதும் நன்றாகக் கலக்கிவிட வேண்டுமா?

பதில்: இட்லிக்கு என்றால் கலக்கவே வேண்டாம், மேலாக அள்ளித் தட்டில் ஊற்றுங்கள். உப்பு பிறகு போடுவதாக இருந்தால் இரண்டு சுற்று மட்டும், அடியிலிருந்து மேலே மடித்து விடுவது போதும். மீதி மாவு அடுத்த நாள் தோசைக்கு, அதை எப்படி வேண்டுமானாலும் கலக்குங்கள்.

கேள்வி (சென்னை, வியாசர்பாடி): எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ராத்திரி 10 மணிக்கு அரைத்து வைத்தால் விடிவதற்குள் வழிந்து மேடையெல்லாம் மாவு. புளிப்பு வேறு தாங்க முடியவில்லை.

பதில்: அரைக்கும்போதே குளிர்ந்த தண்ணீர், உப்பு முதலிலேயே, வெந்தயம் பாதி. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். ராத்திரி அரைப்பதையே விட்டுவிட்டு மத்தியானம் அரைத்தால் கண் முன்னாலேயே பொங்கும், இரண்டு மடங்கை நெருங்கும்போது எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். உங்கள் ஊர் மே மாதத்தில் ஐந்து மணி நேரத்திலேயே ஆகிவிடும். வாரத்துக்கு ஒரே தடவை அரைப்பதை வெயில் காலத்தில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜுக்குள்ளும் புளிப்பு மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும்.

கேள்வி: அவசரத்துக்கு ஆப்பச் சோடா போடலாமா மேடம்?

பதில்: போடலாம், மாவு உப்பி வரும். ஆனால் அது இட்லி இல்லை, சோடா போட்ட மாவு. புளிப்புச் சுவை வராது, கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை அடிக்கும். அவசரம் என்றால் ரவா இட்லி செய்யுங்கள், தயிரும் சோடாவும் அதற்குப் பொருத்தம்.

கேள்வி (ஈரோடு): தயிர் உறைகிறது, ஆனால் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: கெட்டுப்போகவில்லை, நாற்றமோ கசப்போ இல்லையென்றால் சாப்பிடலாம், ஆனால் அதையே மறுபடி உறை ஊற்றாதீர்கள், அந்த வழவழப்பு தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும். வேறு வீட்டில் நல்ல தயிராக ஒரு ஸ்பூன் வாங்கி வாருங்கள். பாலைப் பொங்க விட்டு, அப்புறம் சிறு தீயில் இன்னும் ஐந்து நிமிடம் விட்டு, ஆறவிடுங்கள். சுண்டு விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்து, ஆனால் சூடு நன்றாகத் தெரிந்தால் அதுதான் பதம், தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 40 முதல் 43 டிகிரி. அரை லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் உறை. பால் ஆறிப்போன பிறகு ஊற்றுவதும் இந்த நூல் இழுப்புக்கு ஒரு காரணம்: சூடு விரும்பும் நுண்ணுயிர்கள் பின்தங்கி, குறைந்த சூட்டில் வளர்ந்து கொழகொழப்பை உண்டாக்குபவை முந்திவிடுகின்றன.

கேள்வி (ஹாஸ்டல் மாணவி): உறை மோரே கிடைக்கவில்லை. பச்சை மிளகாய்க் காம்பு போட்டால் தயிர் ஆகும் என்கிறார்கள், உண்மையா அக்கா?

பதில்: சில நேரம் ஆகும் கண்ணு. காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவால் ஆகிறது. எது ஒட்டியிருக்கிறது என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதனால் முதலில் உறைவதைச் சாப்பிடாதே, அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு ஊற்று என்று சொல்வார்கள். நான் இதற்கு மெனக்கெடச் சொல்லமாட்டேன். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்த் தயிர்ப் பாக்கெட் வாங்கு, அதில் ஒரு ஸ்பூன் போதும்.

கேள்வி: கோயிலில் கொடுக்கும் நீர்மோர் மாதிரி வீட்டில் வருவதில்லையே?

பதில்: தயிரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் கலக்கினால் வராதுங்க. ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீர், மத்தால் நன்றாகக் கடைந்து மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிடுங்கள். வெண்ணெய் போன பிறகுதான் அது மோர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு நாலையும் உரலில் இடித்துச் சாறு இறங்கும்படி கலந்து, பெருங்காயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, அரை மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். மிக்ஸியில் இஞ்சியை அரைத்துப் போட்டால் நார் தொண்டையில் நிற்கும்.

கேள்வி (கும்பகோணம்): காபி ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. பூராவும் கழுவித்தான் வைக்கிறேன்.

பதில்: மேல் டப்பாவை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். எத்தனை ஓட்டையில் வெளிச்சம் வருகிறது? பாதி அடைத்திருக்கும். முழுக்க உலோகமாக இருக்கும் ஃபில்டராக இருந்தால், இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் அந்த ஓட்டைப் பக்கத்தைக் காட்டுங்கள், அடைத்திருக்கும் பழைய தூள் கருகி உதிரும், பிறகு தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகும் இறங்கவில்லை என்றால் தூள்தான். சிக்கரி கூடக் கூட அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 80க்கு 20 என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், 60க்கு 40 வாங்குகிறீர்களா என்று பாருங்கள். தூளைப் போட்டுக் குடையால் (ஃபில்டரோடு வரும், காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) மெதுவாக அமுக்கினால் போதும், சிலர் ஏதோ கோபத்தைத் தீர்த்துக்கொள்வது மாதிரி அமுக்குகிறார்கள். கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் தூள் நனையும் அளவுக்குச் சுற்றி ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். மூடியைத் தட்டித் தட்டி அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: வெல்லம் போட்டு டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறது. கலப்பட வெல்லமா?

பதில்: அதனால் என்று மட்டும் சொல்ல முடியாது. வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பும் உப்புகளும் உண்டு, கொதிக்கும் பாலில் போட்டால் திரிக்கும். அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, பொடித்த வெல்லத்தை டம்ளரில் போட்டு அதன்மேல் டீயை ஊற்றுங்கள். சுக்கு மல்லிக் காபிக்குப் பாலே வேண்டாம், கருப்பட்டியோடு கொதிக்க விட்டு வடிகட்டினால் தீர்ந்தது.

கேள்வி (வேலூர்): தெருவில் விற்கும் கேப்பைக் கூழின் புளிப்பு வீட்டில் வரவில்லை. கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சி மோர் ஊற்றிக் குடிக்கிறோம்.

பதில்: நீங்கள் குடிப்பது கஞ்சி. கூழுக்கு இரண்டு ராத்திரி வேண்டும். முதல் ராத்திரி ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வைக்கவும், காலையில் மேலே சின்னச் சின்னக் குமிழும் லேசான புளிப்பு வாடையும் வந்திருக்க வேண்டும். அப்புறம் கால் கப் நொய்யரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, அது கொதிக்கும்போதே புளித்த மாவை ஊற்றி, கைவிடாமல் கிண்டுங்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள், ஒட்டாமல் வர வேண்டும், நிறமும் கறுத்துப் பளபளப்பு வந்திருக்கும். இந்த நேரத்தில் கூழ் துள்ளித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் அதை அப்படியே மூடி இன்னொரு ராத்திரி, மண்சட்டி இருந்தால் மிகவும் நல்லது. மறுநாள் ஒரு உருண்டை எடுத்து, உப்பும் மோரும் விட்டுக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மோர் மிளகாயோ மாங்காய்க் கீற்றோ கடித்துக்கொண்டு குடியுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இரண்டாம் ராத்திரிக்குப் பதில் ஆறேழு மணி நேரமே போதும், வாடை சொல்லிவிடும்.

கேள்வி: பழைய சோறு விஷமாகும் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

பதில்: வாட்ஸப்பில் பாதி உண்மை வந்திருக்கிறது. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் வெந்தாலும் சாகாது. சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்திருந்தால் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அது போகாது. அதனால் மத்தியானம் வடித்து, ராத்திரி வரை குக்கருக்குள் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் மீதியைப் பரப்பி ஆறவிட்டு, சூடு போனவுடனே மூழ்குமளவு சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். குழம்பு பட்ட சோறும், எச்சில் கரண்டி பட்டதும் வேண்டாம். காலையில் இனிய புளிப்பு வாடை வர வேண்டும், வாடை வேறு மாதிரி இருந்தாலோ சோறு பிசுபிசுவென்று இழுத்தாலோ கொட்டிவிடுங்கள். புழுங்கலரிசிதான் இதற்கு, பச்சரிசி கூழாகிவிடும்.

கேள்வி: பானகத்துக்குப் பச்சைக் கற்பூரம் எவ்வளவு?

பதில்: ஒரு லிட்டருக்கு ஒரு கடுகளவு, அதுவும் விருப்பப்பட்டால். சாப்பிடும் பச்சைக் கற்பூரம் என்று கேட்டு வாங்குங்கள், பூஜைக்கு ஏற்றும் சூடத்தைத் தப்பித்தவறிக்கூடப் போடாதீர்கள். சின்னக் குழந்தைகள் குடிப்பதாக இருந்தால் எந்தக் கற்பூரமும் வேண்டாம், வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை போதும்.

கேள்வி (மதுரை): நன்னாரி வேர் வாங்கிக் கொதிக்க வைத்தேன், மணமே இல்லை.

பதில்: மணம் முழுக்க வேரின் தோலில் இருக்கிறது, நீங்கள் கொதிக்கக் கொதிக்க அது ஆவியோடு போய்விட்டது. வேரை மண் போகக் கழுவித் தட்டினால் நடுவில் வெள்ளையான குச்சி தனியாக வரும், அதைத் தூக்கிப் போடுங்கள். தோலை ஒன்றிரண்டாக இடித்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வடிகட்டி, ஒரு பங்கு சாறுக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்டு, சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். கலக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள்.

கேள்வி (திருச்சி): மாவடு போட்டுப் பத்து நாள் ஆகிறது. மேலே வெள்ளையாக ஆடை மாதிரி படர்ந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா, முதலில் பாருங்கள். மெல்லிய, வழவழப்பான ஆடையாக, வேறு நிறமில்லாமல் இருந்தால் அது ஒரு வகை ஈஸ்ட், வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பஞ்சு மாதிரி ரோமம் தெரிந்தாலோ பச்சை, கறுப்பு புள்ளி இருந்தாலோ மொத்தமும் குப்பைக்கு, பாவம் பார்க்க வேண்டாம். இது உப்பு குறைந்ததால் வருவது, ஒரு கிலோவுக்கு 125 முதல் 150 கிராம் கல் உப்பு தேவை. வடு தண்ணீருக்கு மேலே மிதக்காதபடி அடிக்கடி ஜாடியைக் குலுக்கிவிடுங்கள், ஈரக் கரண்டி கூடவே கூடாது. ஆடையை எடுத்த பிறகு அந்தத் தண்ணீரை மட்டும் வடிகட்டி, ஒரு கொதி விட்டு, நன்றாக ஆறிய பிறகு திரும்ப ஊற்றி, இன்னும் ஒரு கைப்பிடி உப்பு சேர்த்து வையுங்கள்.