கணினிக் கேள்வி பதில்: மேக்கும் லினக்ஸும் உறவா?

கேள்வி: என் அண்ணனிடம் மேக் கணினி இருக்கிறது, என் பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். இரண்டிலும் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வருகிறது. இரண்டும் ஒரே வம்சம் என்றால், அண்ணனின் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்தால் என்னுடையதில் ஏன் திறப்பதில்லை?
- கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்

பதில்: 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம்தான் இரண்டுக்கும் முன்னோடி. நீங்கள் தட்டிய 'எல்எஸ்', 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. யூனிக்ஸிலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளைத்த பிஎஸ்டியின் பகுதிகளைக் கொண்டு ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் ஓர் இயங்குதளத்தை உருவாக்கியது. ஆப்பிள் அந்த நிறுவனத்தையே வாங்கி, 2001இல் அதை மேக் ஓஎஸ் எக்ஸ் ஆக்கியது. ஆகவே மேக், யூனிக்ஸின் நேர் வாரிசு.

லினக்ஸ் அப்படிப் பிறந்ததன்று. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதன் கருவை, அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதியான கெர்னலை, புதிதாக எழுதினார். உங்கள் மடிக்கணினியின் 'எல்எஸ்' கட்டளையோ, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டம் மறுபடி எழுதித் தந்தது. கட்டளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை 'பாசிக்ஸ்' என்ற பொதுத் தரம் 1992 முதல் எழுத்தில் வரையறுத்து வைத்திருப்பதால்தான், இரத்த உறவு இல்லாத லினக்ஸும் அந்தக் குடும்பத்தின் பேச்சையே பேசுகிறது. பிறப்பைவிட இந்த எழுதிவைத்த உடன்பாடே பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, மென்பொருள் ஏன் திறப்பதில்லை? 2007இல் அகலப்பாதை வரும்வரை உங்கள் ஊர் வழியே ராமேஸ்வரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டிதான் ஓடியது. பெட்டியும் இருக்கையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்த சக்கரம் 1,000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏறாது. அதுபோலத்தான், மேக் மென்பொருள் 'மாக்-ஓ' என்ற வடிவத்தில் கட்டப்பட்டிருக்கும். லினக்ஸ் எதிர்பார்ப்பது 'எல்ஃப்' வடிவத்தை. கோப்பைத் திற, நினைவகம் கொடு என்று மென்பொருள் கருவிடம் கேட்கும் முறையும் இரண்டிலும் வேறு. புதிய மேக் என்றால் செயலியே வேறு. ஆனால் மூல நிரல், அதாவது மென்பொருளாளர் எழுதிய நிரல், கையில் இருந்தால், சிறு திருத்தங்களோடு அந்தந்தத் தளத்துக்குத் தனியே தொகுத்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆபிஸ் ஆகியவை எல்லாத் தளங்களிலும் கிடைப்பது இப்படித்தான். அண்ணனிடமிருந்து நகலெடுக்காமல், அதே மென்பொருளின் லினக்ஸ் பதிப்பைத் தேடி நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருமண வீடியோ எடுக்கிறேன். 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் 6 ஜிபி கோப்பு ஏற மறுக்கிறது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால், வாடிக்கையாளரின் மேக்கில் படிக்க மட்டுமே முடிகிறது.
- வாசகர், தொண்டி

பதில்: உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்திருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கென மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் மூன்றும் அதில் படிக்கவும் எழுதவும் செய்யும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முகூர்த்தக் காட்சிகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள்.