2,80,000 ரூபாய்க்குப் பழைய மினி டிராக்டர்: வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். உழவு வாடகைக்கே வருடம் 22,000 ரூபாய் போகிறது. 2017 மாடல், 18 எச்.பி. மினி டிராக்டர் ஒன்று ரொட்டவேட்டரோடு (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) 2,80,000 ரூபாய்க்கு வருகிறது. மீட்டரில் 1,900 மணி நேரம் ஓடியிருக்கிறது. கையில் 80,000 இருக்கிறது. மீதி 2 லட்சத்துக்கு ஃபைனான்சில் 'ஒரு ரூபாய் வட்டி', 3 வருடத் தவணை என்கிறார்கள். வாங்கலாமா சார்?

பதில்: இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். முதலில் கடனைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் 36 மாதமும் முழு 2 லட்சத்துக்கு வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 72,000. தவணை மாதம் 7,550 ரூபாயைத் தாண்டும். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு ஏறக்குறைய 21 சதவீத வட்டி! வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் கேட்டுப் பாருங்கள், வட்டி இதைவிட நன்றாகக் குறையும்.

இன்னொன்று. வருடத்துக்கு 90,000 ரூபாய்க்கு மேல் தவணை கட்டி, 22,000 வாடகையை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள். உங்கள் தோப்பு மட்டும் இந்த வண்டிக்குச் சோறு போடாது. அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கு ஓட்ட ஆளும் வேலையும் உறுதியாக இருந்தால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2,80,000-த்தோடு முதல் வருட ரிப்பேரையும் சேர்த்ததுதான் உங்கள் விலை. அந்த ரிப்பேர் எவ்வளவு என்பது வண்டியைப் பார்க்கிற விதத்தில் இருக்கிறது.

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், பேசாமல் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். என் அப்பா சாயங்காலம் போய்ப் பார்த்து வாங்கிய வண்டி ஒரே செல்ஃபில் எடுத்தது. மறுநாள் காலை எங்கள் களத்தில் அரை மணி நேரம் எடுக்கவே இல்லை. இன்ஜின் போர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளை, தேய்ந்து கம்ப்ரெஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) போயிருந்தது. அந்த வருடம் மஞ்சள் விற்ற காசு முழுக்க இன்ஜின் வேலைக்குப் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, வேண்டாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தாலோ, சைலன்சரில் நீலப்புகை நிற்காமல் வந்தாலோ பிஸ்டன் ரிங், போர் வேலை இருக்கிறது.

அடுத்து ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சற்று நேரத்திலேயே தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. அப்புறம் மண்ணில் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள், ரோட்டில் ஓட்டிக் காட்டுவது போதாது. கிளட்ச் வழுக்குவதும் கியர் தானாகத் துள்ளி வெளியே வருவதும் சுமை ஏறினால்தான் தெரியும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு, புது பெயின்ட் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் 1,900 மணி நேரத்தைச் சந்தேகப்படுங்கள். பின் டயரில் தயாரிப்பு வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். 1617 என்றால் 2017-ன் 16-ஆவது வாரம். டயர் ரொம்பப் புதியது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள், டிரெய்லர் இழுத்த வண்டியாக இருக்கலாம்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் ஏறியிருந்தால், அது தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் தரும் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கப் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் கையெழுத்தோடு வேண்டும். அரசு மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். மானிய வண்டியைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. விற்பவர் பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துத்தான் பேசுவார். இன்றைய புது விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். கூடவே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போய், அவர் சொல்லும் ரிப்பேர் தொகையை அங்கேயே விலையில் கழித்துக் கேளுங்கள். இறங்கி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னொரு வண்டி வரும்.