1980களின் கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் அச்சான புரோகிராம்களை இன்று ஓட்ட முடியுமா? ஸ்கேனிலிருந்து காப்பி செய்தால் ஏன் ஓடுவதில்லை?

ஓட்டலாம். ஆனால் ஸ்கேனுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துரையை அப்படியே எடுத்து ஒட்டினால் பெரும்பாலும் ஓடாது. அந்தப் பக்கங்கள் கண்ணால் பார்த்து விரலால் அடிப்பதற்காக அச்சிட்டவை. அடிப்பவர் எங்காவது தவறுவார் என்று தெரிந்துதான் சில பத்திரிகைகள் வரிக்கு வரி ஒரு சோதனைக் குறியையும் சேர்த்து அச்சிட்டன. அந்தக் குறியை வேண்டாத எழுத்து என்று தூக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் எங்கே பிழை என்று தேடி அலைபவர்கள்தான் அதிகம்.

பத்திரிகைக்குப் பத்திரிகை முறை மாறும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கமடோர் 64, விக்-20 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்திருந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1983 ஜூலையில் தொடங்கிய 'கம்ப்யூட்ஸ் கெஜட்'. இந்த வகையில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட வேலை இதுதான் என்பது என் கணிப்பு.

முதலில் எந்தக் காலத்து இதழ் என்று பாருங்கள். முதல் சில இதழ்களில் சோதனைக் குறியே கிடையாது. 1983 அக்டோபர் இதழில் 'ஆட்டோமேட்டிக் புரூஃப்ரீடர்' என்ற சரிபார்ப்புப் புரோகிராம் வந்தது. அதற்குப் பிந்தைய லிஸ்டிங்குகளில் (அச்சிட்ட புரோகிராம்களில்) வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, 'ரெம்' என்ற சொல், ஓர் எண் இருக்கும். இது புரோகிராமின் பகுதி இல்லை, அடிக்கக் கூடாது. வரியை அடித்து ரிட்டர்ன் தட்டியதும் திரையில் தோன்றும் எண்ணை இதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். 1986இல் புதிய புரூஃப்ரீடர் வந்த பிறகு அந்த எண் போய், வரி எண்ணுக்கு முன்னால் இரண்டெழுத்துக் குறி வந்தது. பழைய லிஸ்டிங்குக்குப் புதிய புரூஃப்ரீடரைப் போட்டால் ஒரு வரியும் ஒத்துவராது. இரண்டில் புதியதுதான் நல்லது. பழையது வெறும் கூட்டல் என்பதால், 'பிரின்ட்' என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறினாலும் அதே எண்ணைத்தான் காட்டும்.

புரூஃப்ரீடரையும் அதே இதழிலிருந்துதான் அடித்துக்கொள்ள வேண்டும். அடித்தவுடன் ஓட்டிவிடாதீர்கள், முதலில் சேமியுங்கள். ஓடி முடிந்ததும் அது தன் பேசிக் மொழி வரிகளை நினைவகத்திலிருந்து அழித்துக்கொள்ளும். இன்னொன்று: பிரின்ட்டுக்குப் பதில் கேள்விக்குறி போடுவது போன்ற சுருக்கங்களை வைத்து அடித்தால் குறி மாறிவிடும், ஏனென்றால் அது நீங்கள் அடித்த எழுத்துகளையே கணக்கிடுகிறது. அந்த வரியை லிஸ்ட் செய்து (லிஸ்ட் கட்டளையால் திரையில் வரவழைத்து), கர்சரை அதன் மேல் கொண்டுபோய் மறுபடி ரிட்டர்ன் தட்டினால் சரியான குறி வரும். ஆனால் லிஸ்ட் செய்யும்போது வரி 80 எழுத்தைத் தாண்டினால் இந்த வழி உதவாது. கமடோர் 64 ஒரு வரிக்கு இரண்டு திரை வரிசைகள், அதாவது 80 எழுத்துகள் மட்டுமே வாங்கும்.

இனி ஸ்கேன். எழுத்துணரி மென்பொருள் பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும், ஒன்றையும் 'ஐ' எழுத்தையும், எட்டையும் 'பி' எழுத்தையும் குழப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சேதம் அடிக்கோட்டில் நடக்கிறது. கெஜட்டில் ஓர் எழுத்தின் கீழே கோடு இருந்தால் ஷிஃப்ட்டோடு அடிக்க வேண்டும் என்று பொருள். சிறப்பு அடைப்புக்குள் இருந்தால் கமடோர் விசையோடு அடிக்க வேண்டும். எழுத்துணரி கோட்டை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். புரோகிராம் ஓடும், பிழைச் செய்தியும் வராது, ஆனால் படம் வர வேண்டிய இடத்தில் வெறும் எழுத்துகள் நிற்கும். இதைப் படப் பக்கத்தைப் பெரிதாக்கி, பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டருக்கு 'வைஸ்' போதும். அதன் வழக்கமான அமைப்பில் இடது கன்ட்ரோல்தான் கமடோர் விசை, எஸ்கேப்தான் ரன்-ஸ்டாப். காலி டிஸ்க் இமேஜ் (டிஸ்குக்குப் பதிலாக இருக்கும் கோப்பு) ஒன்றை உருவாக்கி எட்டாம் டிரைவில் இணைத்துக்கொள்ளுங்கள். 664 பிளாக் இடம் இருக்கும். 20 வரிக்கு ஒரு முறை சேமியுங்கள், ஒவ்வொரு முறையும் பெயரின் பின்னால் எண்ணைக் கூட்டிப் புதிய பெயரில். பழைய பெயரின் மேலேயே எழுதும் கட்டளையில் கமடோரின் 1541 டிஸ்க் டிரைவுக்கு ஒரு பிழை உண்டு, டிஸ்கில் இருக்கும் வேறு கோப்புகளையும் கெடுத்துவிடும்.

நவீன எடிட்டரில் அடித்து மாற்றுவதானால், எழுத்துக் கோப்பைக் கமடோர் புரோகிராமாக மாற்றும் 'பெட்கேட்' கருவி வைஸோடு வருகிறது. அதற்கு எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தை அது ஷிஃப்ட் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கட்டளைகள் எதுவும் புரியாது. 'ஒட்டினேன், எல்லா வரியிலும் சின்டாக்ஸ் எரர்' என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கர்சர் நகர்வு, நிறம் ஆகியவற்றுக்கு இதழ் இடும் பெயர்களும் பெட்கேட் எதிர்பார்க்கும் சுருக்கங்களும் சில இடங்களில் வேறுபடும், மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வழியில் போனாலும் முடிவில் எமுலேட்டரில் புரூஃப்ரீடரை ஏற்றி, லிஸ்ட் செய்து, வரி வரியாக ரிட்டர்ன் தட்டிக் குறியைச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் டேட்டா வரிகள், அதாவது புரோகிராம் படித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இருக்கும் வரிகள். ஒரு கமா விட்டுப்போய் 169, 0 என்பது 1690 ஆனால் 'இல்லீகல் குவான்டிட்டி' வரும், எண்ணை நினைவகத்தில் எழுதும் போக் கட்டளை 255க்கு மேல் வாங்காது. ஆனால் செய்தி காட்டும் வரி எண் போக் இருக்கும் வரியுடையது. அந்த வரியில் தப்பே இருக்காது. அந்த நிலையிலேயே 63ஆம் நினைவக முகவரியைப் பீக் கட்டளையால் படித்து, 64ஆம் முகவரியின் மதிப்பை 256ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். கடைசியாகப் படித்த டேட்டா வரியின் எண் கிடைக்கும். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து விழுந்திருந்தால் சின்டாக்ஸ் எரர், அது நேராக டேட்டா வரியையே காட்டும். இரண்டு கமா ஒட்டி விழுந்தால்தான் ஆபத்து: நடுவில் ஒரு பூஜ்யம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எல்லா எண்களும் ஓர் இடம் தள்ளிப் போகும், எந்தச் செய்தியும் வராது, இயந்திரமொழியை (செயலி நேராகப் புரிந்துகொள்ளும் எண்களை) ஓட்டும் சிஸ் கட்டளையில் இயந்திரம் உறைந்துவிடும். ஓட்டுவதற்கு முன் சேமிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெரிய இயந்திரமொழிப் புரோகிராம்களுக்கு 1983 டிசம்பரில் 'எம்எல்எக்ஸ்' என்ற எண் அடிக்கும் கருவி வந்தது. 1984 ஜனவரியில் வெளிவந்த 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' என்ற சொற்செயலியையே வாசகர்கள் இப்படித்தான் எண்ணெண்ணாக அடித்து வாங்கினார்கள். தொடக்க முகவரியும் முடிவு முகவரியும் கட்டுரையில் இருக்கும். இரண்டையும் சரியாகக் கொடுக்க வேண்டும். வரிக்கு ஆறு எண், ஏழாவது சோதனை எண். முகவரியை 256ஆல் வகுத்த மீதியோடு ஆறு எண்களையும் கூட்டி, மறுபடி 256ஆல் வகுத்த மீதிதான் அந்த ஏழாவது.

நானே ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். முகவரி 49152, எண்கள் 169, 0, 141, 32, 208, 96. இது திரையின் ஓரத்தைக் கறுப்பாக்கும் முழு நிரல். 49152இன் மீதி 0. எண்களின் கூட்டல் 646, அதன் மீதி 134. இப்போது 32, 208 இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டால் கூட்டல் மாறாது, 134தான் வரும், எம்எல்எக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஓரம் கறுக்காது. 53280க்குப் போக வேண்டிய பூஜ்யம் 8400ஆம் முகவரியில் போய் விழும். ஆகவே பழைய எம்எல்எக்ஸ் ஒரு வரியை ஏற்றுக்கொண்டது என்பதாலேயே வரிசையும் சரி என்று நம்பக் கூடாது. 1985 கடைசியில் வந்த புதிய எம்எல்எக்ஸ் பதினாறடிமான எண்களில் வரிக்கு எட்டு பைட் வாங்கும். அதன் லிஸ்டிங்கைப் பழையதில் அடிக்க முடியாது.

பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் லிஸ்டிங்குகளுக்கு வேறு பழக்கம் வேண்டும். அங்கே கட்டளையை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை, ஒரு விசைக்கு ஒரு முழுச் சொல். அட்டையோடு கேசட் ஒட்டி வந்த இதழ்களுக்கு இந்த உழைப்பே வேண்டாம், கேசட்டின் டிஜிட்டல் பிரதி கிடைத்தால் நேராக ஏற்றலாம்.

எல்லாக் குறிகளும் ஒத்து, அப்படியும் ஓடவில்லை என்றால் அச்சிலேயே தவறு இருந்திருக்கலாம். கெஜட்டின் அடுத்த மூன்று நான்கு இதழ்களில் 'பக்-ஸ்வாட்டர்' என்ற பகுதியைத் தேடுங்கள். மாற்ற வேண்டிய வரி அங்கே இருக்கும்.