பழைய ஐரோப்பிய கூப்பேக்கள் (இரண்டு கதவுக் கார்கள்): படம் அனுப்புங்கள், பெயர் சொல்கிறேன்

கேள்வி: மாமா லண்டனில் எடுத்த பழைய படம். ஜென்சன் இன்டர்செப்டர்தானே, சார்?

பதில்: பின்பக்கத்துப் பெரிய வளைந்த கண்ணாடியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே பாருங்கள். இன்டர்செப்டருக்கு அங்கே காற்றுத் துவாரம் ஒன்றுதான். உங்கள் படத்தில் இரண்டு இருக்கிறது, சக்கரமும் கதவிலிருந்து சற்றுத் தள்ளியே நிற்கிறது. இது ஜென்சன் எஃப்எஃப். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் டன்லப்பின் மாக்ஸரெட் ஆன்டி-லாக் பிரேக்கும் உண்டு. 1966 முதல் 1971 வரை 320 கார்கள்தான் செய்தார்கள், எல்லாமே வலதுபக்க ஸ்டீயரிங். இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள படத்தைக் காட்டி எஃப்எஃப் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாமாவின் நெகட்டிவ் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: இது ஃபெராரியா?

பதில்: இல்லை. ஃபோக்ஸ்வாகன் கர்மான் கியா.

கேள்வி: முன்னால் பிஎம்டபிள்யூவின் இரட்டை கிரில், உடம்பு மட்டும் இத்தாலிய கார் மாதிரி. யாராவது மாற்றிக் கட்டியதா?

பதில்: இல்லை, கம்பெனியே செய்தது. கிளாஸ் என்ற சிறிய பவேரிய நிறுவனத்துக்காக பியெத்ரோ ஃப்ருவா வரைந்த கூப்பே இது. 1966-ல் பிஎம்டபிள்யூ அந்த நிறுவனத்தை வாங்கியதும், தன் இன்ஜினையும் கிரில்லையும் வைத்து 1600 ஜிடி என்று விற்றது. பின்னால் வட்ட விளக்குகள் இருந்தால் உறுதி. கிரில்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரில், பேட்ஜ் இரண்டையும் கழற்றி மாட்டிவிடலாம். கூரையின் வளைவையும் கண்ணாடியின் வடிவத்தையும் அப்படி மாற்ற முடியாது.

கேள்வி: ஃபியட் டீனோ கூப்பேவை நீங்கள் ஃபியட் என்றே எழுதுகிறீர்கள். 1969-க்குப் பிறகு அதை மாரனெல்லோவில், ஃபெராரி ஆலையில்தானே பூட்டினார்கள்? அப்படியானால் அது ஃபெராரிதானே?

பதில்: பிறகு வந்த 2400 மாடலை அங்கே பூட்டியது உண்மை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. 1967-இன் ஃபார்முலா 2 கார் பந்தய விதிப்படி, பந்தய இன்ஜின் குறைந்தது 500 சாலைக் கார்களில் வந்த இன்ஜினிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஃபெராரியால் தனியாக அத்தனை செய்ய முடியாது; ஃபியட்டால் முடியும். அதனால்தான் ஃபெராரியின் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் ஃபியட் காருக்குள் வந்தது. கூப்பேவின் உடம்பு பெர்டோனே, ஸ்பைடரின் (கூரை திறக்கும் மாடல்) உடம்பு பினின்ஃபரினா; இரண்டும் இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனங்கள். இரண்டு மாடல்களின் முன், பின் சக்கர இடைவெளியிலும் 27 செ.மீ. வித்தியாசம். இன்ஜின் யாருடையது என்று சொல்லுங்கள், மறுக்கவே மாட்டேன். காரின் பெயர் ஃபியட்.

கேள்வி: இன்ஜின்தானே காரின் உயிர்? ஃபெராரி என்றே சொல்லலாமே அண்ணா.

பதில்: அப்படிப் பார்த்தால் கிரைஸ்லர் வி8 இன்ஜின் பூட்டிய மேலே உள்ள ஜென்சனும் கிரைஸ்லர் ஆகிவிடும். ஃபாசெல் வேகா என்ற பிரெஞ்சுக் காரும் அப்படியே. அந்தக் காலத்து ஐரோப்பிய கூப்பேக்களில் பாதிக்குப் பெயரே இருக்காது.

கேள்வி: நானும் அதே கட்சிதான். டீனோ என்பதே என்ஸோ ஃபெராரி மகனின் பெயர்.

பதில்: ஆமாம், ஆல்ஃப்ரெடோ, 1956-ல் இறந்தார். அந்த மரியாதைக்காகத்தான் பெயர். அதனால் உற்பத்தியாளர் மாறிவிடாது. டீனோவை இத்துடன் விடுவோம்.

கேள்வி: இது ஃபெராரியா? (பக்கவாட்டுப் படம் மட்டும்)

பதில்: வால்வோ பி1800. ஃபெராரியா என்று கேட்கும் முன் பின்பக்கப் படமும் அனுப்புங்கள், தயவுசெய்து.

கேள்வி: விலை என்ன போகும்?

பதில்: ஏல நிறுவனங்களைக் கேளுங்கள்.

கேள்வி: மூக்கில் ஆமைச் சின்னம். நான்கு விளக்குகள், ஜோடி ஜோடியாகச் சாய்ந்திருக்கின்றன.

பதில்: அருமை! கோர்டன்-கீபிள். 1964-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. செய்தது நூறு கார் அளவுக்குத்தான். பெர்டோனேவில் இருந்தபோது ஜுஜாரோ வரைந்தது, செவ்ரோலே வி8 இன்ஜின். ஆமையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தச் சாய்ந்த விளக்குகளே போதும். உடம்பு ஃபைபர்கிளாஸ். நேரில் பார்த்தால் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டக்கூடாது. கதவு திறந்த படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். உள்ளே டேஷ்போர்டைப் பார்க்க ஆசை.